பழைய ஹொக்கி கார்டுகளை கிரேடிங்குக்கு அனுப்பலாமா, அப்படியே வைத்திருக்கலாமா?

சேகர்_ஸ்காபரோ

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்து வாசியுங்கள்.

நாங்கள் 1989 இல் கனடா வந்தோம். எனக்கு அப்போது பதினொரு வயது. யாரோடும் கதைக்க ஆங்கிலம் வராத அந்த நாட்களில், ஆட்டக்காரர்களின் படம் போட்ட ஹொக்கி கார்டுதான் பள்ளிக்கூடத்தில் எனக்கு வாயாக இருந்தது, மூலைக்கடையில் வாங்கிய ஒரு பக்கற்றைப் பிரித்தால் இடைவேளையில் நாலு பேர் சுற்றி நிற்பார்கள். அந்தக் கார்டுகள் எல்லாம் இரண்டு சப்பாத்துப் பெட்டிகளில் அம்மா வீட்டு நிலவறையில் கிடந்தன. போன மாதம் அம்மா வீடு மாறியபோது எடுத்து வந்தேன். பெரும்பாலும் 1990-91 ப்ரோ செட், ஸ்கோர், அப்பர் டெக் என்ற கொம்பனிகளுடையவை, எண்ணிப் பார்த்ததில் அறுநூறு வரும். நல்லது என்று எனக்குப் பட்ட 60 ஐ மட்டும் பிரித்து வைத்திருக்கிறேன். யாகர் ரூக்கி (ஆட்டக்காரரின் முதல் வருஷத்துக் கார்டு) மூன்று, லின்ட்ரோஸ் நாலு, இப்படி.

இவற்றோடு வேறு இரண்டு கார்டுகள் இருக்கின்றன. ஒன்று என் மகனுடையது, 2015-16 அப்பர் டெக் யங் கன்ஸ் (புதுமுகங்களுக்கான வரிசை) கொனர் மக்டேவிட், 201 ஆம் இலக்கம். நானும் அவனும் சேர்ந்து பிரித்த பக்கற்றில் வந்தது.

மற்றது 1979-80 ஓ-பீ-சீ வெய்ன் கிரெட்ஸ்கி ரூக்கி, 18 ஆம் இலக்கம். இது நான் வாங்கியது இல்லை. எங்கள் மாடியில் பக்கத்துக் கதவில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இருந்தார், அவருடைய காருக்கு நான்தான் பனி தள்ளிக் கொடுப்பேன். 1993 மே மாதம் தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டத்தில் கிரெட்ஸ்கி மூன்று கோல் போட்டு, 5-4 என்று எங்கள் ரொறன்ரோ லீஃப்ஸை வெளியே அனுப்பினாரே, அடுத்த நாள் அந்தப் பெரியவர் கதவைத் தட்டி, "இவனுடைய முகத்தை இனி நான் பார்க்க மாட்டேன், நீ வைத்துக்கொள்" என்று கையில் தந்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது.

மகள் இணையத்தில் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் பி.எஸ்.ஏ.வுக்கு, அதாவது கார்டு அசலா, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து 1 முதல் 10 வரை இலக்கம் போட்டுக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் மூடித் தரும் அமெரிக்க கிரேடிங் நிறுவனத்துக்கு, அனுப்பச் சொல்கிறாள். 62 கார்டுகள், மலிவான சேவையில் கூட கனடா டொலரில் இரண்டாயிரத்தைத் தாண்டுகிறது. அனுப்புவதா, விடுவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கார்த்திக்_எடிசன்

சேகர் சார், முதலில் அந்த 60 கார்டையும் தள்ளி வையுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் பதிவைப் பார்த்துவிட்டேன் என்பதில் நிம்மதி.

1980களின் பின்பகுதியிலிருந்து 90களின் முதல் சில ஆண்டுகள் வரை அச்சடித்ததை இங்கே அமெரிக்காவில் ‘ஜங்க் வாக்ஸ்’ காலம் என்று சொல்வார்கள். பேஸ்பால், பாஸ்கெட்பால், ஹாக்கி எல்லாவற்றிலும் கணக்கில்லாமல் அடித்துத் தள்ளினார்கள். வாங்கியவர்களும், நாளைக்கு விலை ஏறும் என்று பத்திரமாக உறையில் போட்டு வைத்தார்கள். அதனால் இன்றைக்கும் நல்ல நிலையில் மலை மாதிரி கிடக்கிறது. பழைய கார்டுக்கு ஏன் விலை வருகிறது? அந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைச் சைக்கிள் சக்கரத்தில் செருகினார்கள், அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள், மிஞ்சியது கொஞ்சம். 1990-91 ப்ரோ செட்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அதில் 10 வாங்கினாலும் கிரேடிங்குக்குக் கட்டிய காசு திரும்பி வருவது கஷ்டம்.

விதிவிலக்கு இருக்கிறது, பேஸ்பால் வீரர் கென் கிரிஃபி ஜூனியரின் 1989 அப்பர் டெக் கார்டு மாதிரி. அதிலும் 10 வாங்கிய பிரதிக்குத்தான் மரியாதை.

மாலா_மிஸிசாகா

சேகர் அண்ணா, கார்த்திக் சொன்னது சரி. ஆனால் "பழையது, நிறைய அச்சடித்தது, விடு" என்பதோடு நிறுத்தாமல் கணக்கையும் போட்டுப் பாருங்கள், அப்போதுதான் மகளுக்கும் விளங்கும். நான் பத்து வருஷமாக அனுப்புகிறேன், முதல் மூன்று வருஷம் இந்தக் கணக்கைப் போடாமல் அனுப்பினேன்.

ஒரு கார்டு கிரேடிங் இல்லாமல் 40 டொலருக்குப் போகிறது என்று வையுங்கள். அதே கார்டு 10 வாங்கினால் 120, 9 என்றால் 45, 8 என்றால் 30. கட்டணமும் தபாலும் காப்புறுதியும் பிரித்துப் பார்த்தால் கார்டுக்கு 35. பத்துக் கார்டு அனுப்புகிறீர்கள். வடிவாகத் தெரிந்து எடுத்த பத்தில் மூன்று 10 வந்தாலே நல்லது, ஐந்து 9, இரண்டு 8 என்று பிடிப்போம். 360, 225, 60, ஆக 645. விற்கும் தளம் நூற்றுக்குப் பதின்மூன்று போல எடுத்தால் 561 கையில். அதில் கிரேடிங் செலவு 350 போக 211. அந்தப் பத்தையும் அப்படியே விற்றிருந்தால் 400, தளத்தின் பங்கு போக 348. ஆக மூன்று 10 வாங்கிக்கூட 137 டொலர் நட்டம், மாதக்கணக்கில் காத்திருந்ததை நான் சேர்க்கவில்லை.

எல்லோரும் 10 இன் விலையைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். நான் 9 இன் விலையைப் பார்ப்பேன். 9 வந்தாலும் செலவு கழிந்து இப்போதைய விலைக்குக் குறையாமல் நிற்குமென்றால் அனுப்புவேன். 10 வந்தால் மட்டும்தான் தப்பலாம் என்றால் அது லொத்தர் சீட்டு. இன்னொன்று, விலையைப் பார்க்கும்போது விற்று முடிந்த விலையைப் பாருங்கள், கேட்டுக்கொண்டிருக்கும் விலையை அல்ல. ஈபேயில் ‘விற்றவை’ என்று வடிகட்டினால் வரும்.

கிரேடிங் நிறுவனம் எத்தனை 10 கொடுத்திருக்கிறது, எத்தனை 9 என்று அவர்களே பட்டியல் போடுகிறார்கள், ‘பொப்யுலேஷன் ரிப்போர்ட்’ என்பார்கள். அதையும் திறந்து பாருங்கள். மக்டேவிட் யங் கன்ஸ் 10 ஆயிரக்கணக்கில் இருக்கிறது, இருந்தாலும் வாங்க ஆள் இருக்கிறது. கிரெட்ஸ்கி ஓ-பீ-சீயில் பி.எஸ்.ஏ. 10 இரண்டே இரண்டு. அதில் ஒன்றுதான் 2021 மே மாதம் 37.5 லட்சம் அமெரிக்க டொலருக்குப் போனது. உங்களுடையது அப்படி வராது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன் அண்ணா, மனதில் வீணாக எதையும் வளர்க்க வேண்டாம். ஆனால் கிரெட்ஸ்கியின் கதை வேறு, அதைத் தனியாகப் பேசுவோம்.

ராஜன்_எட்மன்டன்

நான் கொஞ்சம் மாறிக் கதைக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

ஏன் எல்லோரும் விற்பதைப் பற்றியே கதைக்கிறீர்கள்? சேகர் தம்பி விற்கப் போவதாக ஒரு வரி கூட எழுதவில்லை. அந்தப் பெரியவர் கையால் தந்த கார்டை, வெளியே எடுக்கவே முடியாத கெட்டிப் பிளாஸ்டிக்கில் போட்டு, மேலே யாரோ தந்த இலக்கத்தை ஒட்டி வைத்தால், அதற்குப் பிறகு அந்தக் கார்டைப் பார்க்கும் எவரும் முதலில் அந்த இலக்கத்தைத்தான் பார்ப்பார்கள். என்னுடைய மருமகன் அப்படித்தான் பார்க்கிறான். "மாமா, இது 6 தானே" என்றான். 1984 இல் இந்த ஊர் அணி ஸ்டான்லி கிண்ணம் வென்ற வருஷத்தில் நான் வாங்கிய கார்டைப் பற்றிச் சொன்னது அது. அன்று எனக்கு எவ்வளவு வலித்தது என்று சொல்லத் தெரியவில்லை.

கார்டு தொட்டுப் பார்க்கிற பொருள். பின்பக்கத்தைத் திருப்பிப் புள்ளிவிபரம் வாசிக்கிற பொருள்.

கார்த்திக்_எடிசன்

ராஜன் அண்ணா சொல்வது எனக்குப் புரிகிறது, அந்த வலியும் புரிகிறது. ஆனால் விற்காதவர்களுக்கும் ஒரு காரணம் இருக்கிறது: இது அசல்தானா என்பது.

கிரெட்ஸ்கி ரூக்கி, 1986 ஃப்ளீர் மைக்கேல் ஜோர்டன், இந்த இரண்டுக்கும் போலிகள் பல வருடங்களாகச் சுற்றுகின்றன. நிறையப் பேர் தெரியாமலேயே போலியை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு விட்டுப்போகிறார்கள். பிறகு விற்கப் போகும்போது பிள்ளைக்கு அவமானம்.

அசலாகவே இருந்தாலும் ஓரத்தை வெட்டி ‘அழகாக்கிய’ கார்டுகளும் உண்டு. இதில் பெரிய உதாரணமே பி.எஸ்.ஏ. முதன்முதலில் மதிப்பிட்ட கார்டுதான். டி206 என்ற பழைய வரிசையில் வந்த பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு, 1991 இல் 8 கொடுத்தார்கள், வெய்ன் கிரெட்ஸ்கியே அதன் உரிமையாளர்களில் ஒருவராக இருந்தார். 2007 இல் 28 லட்சம் டாலருக்குப் போனது. அதை முன்பு கையாண்ட ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, ஓரத்தை வெட்டியது தான்தான் என்று 2013 இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஆகவே கிரேடிங் தப்பே செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. அதன் பிறகு அவர்கள் பழகியிருக்கிறார்கள், பூதக்கண்ணாடியும் அளவும் வைத்துப் பார்க்கிறார்கள், வீட்டில் நாம் பார்ப்பதைவிட மேல்.

விலையை நம்பி இறங்குகிறவர்களுக்கு இன்னொன்று. அந்த ஜோர்டன் ரூக்கி பி.எஸ்.ஏ. 10, 2021 ஜனவரியில் ஒரே ஏலத்தில் இரண்டு பிரதிகள், ஒவ்வொன்றும் 7,38,000 டாலர். ஒன்றரை வருடத்துக்குள் அதே கார்டு அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. அதே ஜுரத்தில் ஊரே கார்டு அனுப்பி, மார்ச் 2021 முடிவில் பி.எஸ்.ஏ. பெரும்பாலான சேவைகளையே நிறுத்த வேண்டி வந்தது. காத்திருந்த மாதங்களில் விலை இறங்கி, கையைச் சுட்டுக்கொண்டவர்கள் என் நண்பர் வட்டத்திலேயே மூன்று பேர்.

சேகர்_ஸ்காபரோ

எல்லோருக்கும் நன்றி. ராஜன் அண்ணா, நீங்கள் எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

60 கார்டும் பெட்டிக்கே திரும்பிப் போய்விட்டன. மாலா, உங்கள் கணக்கை மகளிடம் கொடுத்தேன், அவளே யாகர் ரூக்கிக்கு விலை தேடிப் பார்த்துவிட்டு "வேண்டாம் அப்பா" என்றாள்.

இனி கிரெட்ஸ்கியும் மக்டேவிட்டும். எப்படிப் பார்ப்பது, எதைப் பார்ப்பது? எனக்கு இரண்டும் புத்தம் புதிதாகத்தான் தெரிகிறது.

மாலா_மிஸிசாகா

அண்ணா, முதலில் கையைக் கழுவி நன்றாகத் துடையுங்கள். மேசையில் ஒரு கறுப்புத் துணி. அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு எல்.ஈ.டி. விளக்கு, அது இல்லாவிட்டால் போன் வெளிச்சம். நகைக்கடையில் வைத்துப் பார்ப்பார்களே, பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி, அமேசனில் பதினைந்து இருபது டொலர்.

நாலு விஷயம் பார்க்கிறார்கள்: நடு, மூலை, ஓரம், மேற்பரப்பு. நடு என்றால் படம் கார்டின் நடுவில் இருக்கிறதா என்பது. இடது பக்கக் கரை 3 மில்லிமீற்றர், வலது பக்கம் 2 என்றால் மொத்தம் 5 இல் 3, ஆக 60-40. பி.எஸ்.ஏ.யில் 10 வேண்டுமென்றால் முன்பக்கம் 55-45 க்குள் நிற்க வேண்டும். இது அச்சகத்திலேயே நடந்த பிழை, நீங்கள் எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் மாறாது.

மேற்பரப்பில்தான் ஆட்கள் ஏமாறுவது. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கார்டைக் கண்ணின் மட்டத்துக்கு உயர்த்தி வெளிச்சம் வழுக்கிப் போகிற மாதிரி மெதுவாகச் சாய்க்க வேண்டும், முன்பக்கமும் பின்பக்கமும். அப்போதுதான் கீறலும் அழுத்தமும் மடிப்பும் எழும்பி வரும்.

ஓ-பீ-சீயைப் பார்க்கும்போது ஓரம் சொரசொரப்பாக, கிழித்தது மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம். ஒன்ராறியோவில் லண்டன் நகரத்துக் கொம்பனி அது, அந்தக் காலத்தில் தாள்களைக் கம்பியால் அறுத்தார்கள், அதனால் ஓரம் அப்படித்தான் வரும். இழைத்து வைத்தது மாதிரி ஓரம் நேராக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். நீலக் கரை என்பதால் மூலையில் சின்னதாக உரிந்தாலும் வெள்ளை பளிச்சென்று தெரியும், அதையும் பாருங்கள். பெருக்குக் கண்ணாடியில் கறுப்பு எழுத்துகளைப் பாருங்கள். அசலில் எழுத்து முழுக் கறுப்பாக, திண்மையாக நிற்கும். அசலைப் படமெடுத்து அடித்த போலியில் எழுத்தே புள்ளி புள்ளியாக உடைந்து தெரியும்.

தயவுசெய்து எதையும் தேய்க்க வேண்டாம். ஊதி, மெல்லிய மைக்ரோ ஃபைபர் துணியால் தூசியைத் தட்டினால் போதும்.

சேகர்_ஸ்காபரோ

நேற்றிரவு சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம்.

கிரெட்ஸ்கி: இடது 3, வலது 2, நீங்கள் உதாரணத்துக்குச் சொன்ன அதே அளவு. நாலு மூலையிலும் வெள்ளை, மேல் இடது மூலை கொஞ்சம் உருண்டு போயிருக்கிறது. ஓரம் சொரசொரப்பு. எழுத்து முழுக் கறுப்பு, புள்ளி இல்லை, மகள் மூன்று தரம் பார்த்தாள்.

பிறகு பின்பக்கத்தைச் சாய்த்தோம். கீழே வலது மூலைக்குக் கிட்ட ஒரு மடிப்பு, என் சுண்டுவிரல் நகத்தின் நீளம் இருக்கும். முப்பது வருஷத்துக்கு மேலாக வைத்திருக்கிறேன், ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை. வெளிச்சம் அதன் மேல் போனபோது மெல்லிய வெள்ளிக்கம்பி மாதிரி ஒரு கோடு எழுந்தது, கையை ஒரு துளி அசைத்தால் மறைந்தது. மூன்று பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பெரியவர் தந்தபோதே இருந்ததோ, என் பள்ளிப் பையில் வந்ததோ, இனி யாரைக் கேட்பது.

இந்த நிலையில் அனுப்புவதில் பொருள் இருக்கிறதா?

மாலா_மிஸிசாகா

இருக்கிறது அண்ணா. நான் பார்க்காமல் சொல்வது, ஆனால் நீங்கள் எழுதியதை வைத்து 3 அல்லது 4 என்று நினைக்கிறேன். மெல்லிய மடிப்புள்ள கார்டுக்கு 4 வரை கொடுப்பார்கள்.

இந்தக் கார்டில் மடிப்பைவிட "அசல்" என்ற சொல்லுக்குத்தான் காசு. அடிபட்டுப்போன ஓ-பீ-சீ கிரெட்ஸ்கியே சில நூறு அமெரிக்க டொலருக்குக் குறையாமல் போகிறது. ஆனால் கிரேடிங் இல்லாமல் நீங்கள் விற்க வந்தால், எவ்வளவு நேர்மையானவர் என்று தெரிந்தாலும் நானே யோசிப்பேன். கட்டணம் கார்டின் மதிப்பில் சிறு பங்கு, அது போலி இல்லை என்ற பதில் நிரந்தரமாகக் கிடைக்கும். உங்களுக்குப் பிறகு பிள்ளைகள் யாரிடமும் போய் நின்று விளக்க வேண்டியதில்லை. வீட்டுக் காப்புறுதியில் சேர்க்கவும் சுலபம்.

மதிப்பைக் குறைத்துச் சொல்லி மலிவான சேவையில் போட வேண்டாம். கார்டின் மதிப்பு அந்தச் சேவையின் எல்லையைத் தாண்டினால் மிச்சக் காசைப் பிறகு வாங்குவார்கள், வழியில் தொலைந்தால் நீங்கள் சொன்ன மதிப்புத்தான் கிடைக்கும்.

ரொறன்ரோவில் சில கார்டுக் கடைகள் எல்லோருடையதையும் சேர்த்து எல்லை தாண்டி அனுப்புகின்றன. தபால் செலவும் சுங்கப் படிவத் தலையிடியும் மிச்சம். எவ்வளவு நாள், யார் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள். நான் ஒரு தரம் எழுத்தில் கேட்காமல் ஒரு கடையில் கொடுத்து, எட்டு மாதம் பதில் இல்லாமல் அலைந்தேன், கார்டு திரும்பி வந்தபோது ஒரு மூலை மடங்கியிருந்தது.

மெல்லிய உறைக்குள் போட்டு, பிறகு கார்ட் சேவர் என்ற அரைக் கெட்டியான உறையில் வையுங்கள். கெட்டியான டொப் லோடரில் அனுப்ப வேண்டாம், அதிலிருந்து இழுத்தெடுக்கும்போது மூலை அடிபடும். முக்கியமாக, மூடுகிறதற்கு முன் இரண்டு பக்கமும், அந்த மடிப்பும் தெரிகிற மாதிரி படமெடுத்து வையுங்கள்.

ராஜன்_எட்மன்டன்

மாலா பிள்ளை சொன்னதற்கு நான் எதிர்ப்பில்லை, அசல் என்று தெரிவது வேறு, 10 க்காக ஓடுவது வேறு. அனுப்புவது என்றால், தம்பி, மூடுகிறதற்கு முன் ஒரு தரம் கையில் எடுத்து வைத்திருங்கள். மக்டேவிட் கதை என்ன?

கார்த்திக்_எடிசன்

மக்டேவிட்டில் 9 க்கும் 10 க்கும் விலை ரொம்ப தூரம், அதனால் மூலையை நன்றாகப் பாருங்கள். விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும்.

சேகர்_ஸ்காபரோ

மக்டேவிட் கார்டின் பின்பக்கத்தில் ஒரு மூலையில் ஊசி முனை அளவு வெள்ளை. மகனிடம் கேட்டேன், விற்பாயா என்று. "நீங்களும் நானும் பிரித்தது அப்பா, விற்க மாட்டேன்" என்றான். அப்படியானால் இலக்கம் எதற்கு, பக்கற்றிலிருந்து அவனே எடுத்த கார்டு, போலியோ என்ற கேள்வியும் இல்லை. காந்தம் வைத்த ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன், எட்டு டொலர். அவனுடைய மேசையில் நிற்கிறது.

கிரெட்ஸ்கியை மட்டும் சனிக்கிழமை கடையில் கொடுக்கிறேன். மகள் படமெடுத்துவிட்டாள். ராஜன் அண்ணா, கையில் வைத்திருந்தேன், பின்பக்கத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்தும் காட்டினேன்.

சேகர்_ஸ்காபரோ

இரண்டரை மாதம் கழித்து எழுதுகிறேன், கேட்டவர்களுக்காக. வந்துவிட்டது. அசல், 4. மாலா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை.

பார்சலைப் பிரித்தவுடன் நான் முதலில் செய்தது வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்ததுதான். பிளாஸ்டிக்குக்கு உள்ளேயும் அந்தக் கோடு தெரிகிறது, அதே இடத்தில். அந்தப் பெரியவரின் பெயரையும், 1993 மே 30 என்ற தேதியையும், நடந்ததையும் ஒரு தாளில் எழுதி உறையில் வைத்திருக்கிறேன், கார்டு எங்கே போனாலும் அந்தத் தாளும் கூடப் போக வேண்டும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். விற்கவில்லை.

கார்ட் சேவர் ஒரு பக்கற் வாங்கி ஒன்றைத்தான் எடுத்தேன், நாற்பத்தொன்பது மிச்சம். ஸ்காபரோப் பக்கம் யாருக்காவது தேவையென்றால் எழுதுங்கள், வந்து எடுத்துக்கொள்ளலாம்.